கோல் பிடித்த கையும் கணக்கு எழுதிய கையும்

தொழிற்கல்வி மாணவர்களுக்குக் கணக்கு வரவில்லையா? வாழ்க்கையிலிருந்து கணக்கை எடுத்துக் கொடுங்கள், வந்துவிடும். கல்வியியல் கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் ஆலோசனை இது. சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதிலாகக் குழாய், கம்பி, மின்கட்டணம், கூலி என்று அன்றாடச் சிக்கல்களின் வழியே கணிதத்தைக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் இதற்குத் தலையாட்டும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். யாருடைய வாழ்க்கை? மாணவர் பிறந்த இடத்திலேயே அவரை உட்கார வைப்பதற்கான கணக்கா, அங்கிருந்து எழுந்து நடப்பதற்கான கணக்கா?

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு 'ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்' என்ற பாடம் நினைவிருக்கும். அலகு மாற்றம், விகிதம், சதவீதம், பரப்பு, கன அளவு, கொஞ்சம் முக்கோணவியல். ஃபிட்டருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் வெல்டருக்கும் உண்மையிலேயே தேவைப்படுகிற கணக்குகள். ஆனாலும் பெரும்பாலான வகுப்புகளில் அது வாய்பாடாகவும், தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்டும் கேள்வித் தொகுப்பாகவும் சுருங்கிவிடுகிறது. தேர்வும் கணினி முன் உட்கார்ந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வு. ஏன் அந்த விடை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்மாவட்டப் பயிற்சி நிலையம் ஒன்றில் சில வாரங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பயிற்றுநர் என்னிடம் சொன்னார்: "இவனுவளுக்கு எதுக்கு சார் அல்ஜீப்ரா? ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சா போதும்லா." அவர் கெட்ட மனிதர் அல்ல. மாணவர்களுக்குச் சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுப்பவர். இந்த வாக்கியம் அவர் கண்டுபிடித்ததும் அல்ல. அதற்குப் பல நூறு ஆண்டு வயது.

முதலில் வாழ்க்கைக் கணக்கின் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களிடம் ஆய்வாளர்கள் கணக்குக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. கடையில் வாடிக்கையாளர்போல் நின்று கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியான விடைகள் முப்பத்தேழு சதவீதமாக விழுந்தன. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு? அந்தப் பையன் மூன்று மூன்றாகக் கூட்டினான்: 105, 210, 315, அதோடு ஒரு 35, ஆக 350. பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லும். ஏன் போதும் என்பதைப் பள்ளி அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவனுடைய வழியிலோ ஒவ்வொரு அடிக்கும் பொருள் இருந்தது.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மும்பை தாராவியில் தோல், தையல் வேலைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளின் கணக்கறிவை ஹோமி பாபா மையத்தின் அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும் ஆராய்ந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. அதைவிட முக்கியமான முடிவு மறுபக்கத்தில் இருக்கிறது. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. ஒரு பக்கத்தை அறியாமை என்கிறோம், மறுபக்கத்தைக் கண்டுகொள்வதே இல்லை. கையில் இருக்கும் அறிவுக்கும் தாளில் இருக்கும் அறிவுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது என்பதுதான் இந்த ஆய்வுகள் சொல்வது. நம் ஊரில் அந்தச் சுவரைக் கட்டியது யார் என்பதைச் சொல்ல நமக்கு வரலாறு வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று சொல்வது பழைய வழக்கம். இவ்வளவு விதை விதைக்கும் பரப்பு என்று பொருள். நிலமே நெல்லால் அளக்கப்பட்ட நாடு இது. அந்த நாட்டில் கணக்கு என்பது எப்போதுமே வாழ்க்கைக் கணக்காகத்தான் இருந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டினால் நிலம், நெல், பொன், கூலி என்றே கணக்குகள் வரும். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழிகூட அதில் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் ஓதினார்கள். அந்தக் கணிதத்தையும் அதன் சமூக இடத்தையும் பற்றி ஆய்வாளர் செந்தில் பாபுவின் விரிவான நூல் 2022இல் வெளிவந்திருக்கிறது. நெல்லளக்கவும் நிலமளக்கவும் கற்பித்த அந்தத் திண்ணையில் யார் ஏறி உட்கார முடிந்தது?

கிராமத்தில் நிலத்தை அளக்கும்போது கோல் பிடித்து வரப்பு வரப்பாக நடந்தவர் வெட்டியான். அளவை ஓலையில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. மடை திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாய வேண்டும் என்று பங்கிட்ட மடைக்குடும்பனின் கையில் விகிதக் கணக்கு முழுவதும் இருந்தது. ஆனால் அது ஏட்டில் ஏறவில்லை. அளந்த கை ஒன்று, எழுதிய கை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் தீண்டாமை. தகராறு வந்தால் எழுதிய கையின் சொல்தான் செல்லும். சாதி என்பது வேலையைப் பங்கிடுவதல்ல, வேலை செய்பவர்களையே பிரித்துப் படிநிலையில் நிறுத்துவது என்று 1936இல் புரட்சியாளர் அம்பேத்கர் விளக்கியதற்கு நம் வயல்வெளியிலேயே கிடைக்கும் சான்று இது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கிராமக் கணக்குப் பதவி பரம்பரையாகப் போவது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1960இல். அதன் பிறகும் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகள் பெரும்பாலும் பழைய குடும்பங்களின் கையிலேயே சுழன்றன. எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்தது 1980 நவம்பரில். தேர்வெழுதி யார் வேண்டுமானாலும் கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம் என்ற நிலை வந்தது அதற்குப் பிறகுதான். ஊர்க் கணக்கு நோட்டு பொதுவுக்கு வந்து இன்னும் ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

இந்தப் பின்னணியோடு 1953ஐப் பாருங்கள். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் 'வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி' என்றுதான் பேசியது. பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் அதை மக்கள் முன் நிறுத்தினார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அதைக் கைவிட்டார். செருப்புத் தைப்பவரின் மகனுக்குத் தோலின் பரப்பைக் கணக்கிடச் சொல்லிக் கொடுப்பதும் வாழ்க்கைக் கணக்குத்தான். அதோடு நிறுத்திக்கொண்டால் அது குலக்கல்வியின் கணிதப் பாடம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை வந்தபோது தமிழ்நாடு அதை ஏற்க மறுத்ததும் இதே எச்சரிக்கையால்தான். தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்று சொல்லும்போது நமக்கு முதுகு சில்லிடுவதற்குக் காரணம் தொழில்மீதான வெறுப்பு அல்ல.

அப்படியானால் வாழ்க்கைக் கணக்கே வேண்டாமா? வேண்டும். அது எதில் தொடங்குகிறது என்பதோடு எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கணக்கைச் செய்தே பார்ப்போம்.

முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பீடித்தட்டு தெரியும். அம்மாவோ அக்காவோ சுற்றிய பணத்தில் ஐ.டி.ஐ. வந்தவர்கள் ஏராளம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படும். எண்கள் எளிதாக இருக்க, ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்கான எண், நிஜக் கூலி அல்ல. கடையில் போடும்போது ஐம்பது பீடியைச் சரியில்லை என்று கழித்துவிடுகிறார்கள். மீதி 950க்கு 285 ரூபாய். கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதவில்லை, வெளியில் 30 ரூபாய்க்கு இலை வாங்கினார் அம்மா. கையில் நிற்பது 255. காண்டிராக்டரைக் கேட்டால் ஐந்து சதவீதம்தான் கழிவு என்பார். உண்மையில் போனது 45 ரூபாய், அதாவது பதினைந்து சதவீதம்.

இத்துடன் நிறுத்தினால் இது ஆறாம் வகுப்புச் சதவீதக் கணக்கு. இனிமேல்தான் அல்ஜீப்ரா தொடங்க வேண்டும். ஆயிரத்துக்கான கூலியைக் 'கூ' என்போம். கழிக்கப்படும் பங்கு 'க'. இலைக்குக் கைக்காசு 'இ'. கையில் வருவது: கூ × (1 − க) − இ. இப்போது மாணவர்களிடம் கேளுங்கள். சங்கம் போராடி கூலியைப் பத்து சதவீதம் உயர்த்திவிட்டது. கூ 330 ஆகிறது. கழிவும் இலைக் குறையும் அப்படியே இருந்தால் கையில் வருவது 283 ரூபாய் 50 காசு. கூலியே உயரவில்லை, ஆனால் இலையை முழு எடைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால்? 285.

பத்து சதவீதக் கூலி உயர்வைவிட முழு எடை இலைக்கு மதிப்பு அதிகம். இதை எந்த அனுபவமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. இலை குறைகிறது என்பது அம்மாவுக்குத் தெரியும், எரிச்சலும் உண்டு. எதற்கு முதலில் சண்டை போட வேண்டும் என்பதை அந்த மூன்று எழுத்துகள்தான் காட்டுகின்றன. பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் மூலப்பொருள் வழங்குவதில் வரும் தகராறையும் பீடியைக் கழிப்பதில் வரும் தகராறையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது சும்மா அல்ல. கூலித்தாளை எண் எண்ணாகப் பிரித்துப் பார்த்தவர்கள் யாரோ அதன் பின்னால் இருந்திருக்கிறார்கள்.

அதே சமன்பாட்டை எடுத்துக்கொண்டு மாஞ்சோலைக்கு ஏறலாம். கொழுந்து எடையில் கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்ததும் அதே 'க'தான். எழுத்து மாறவில்லை, ஆள்தான் மாறினார். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்ற சொல்லே எழுதிய கை எங்கே இருந்தது என்பதைச் சொல்லும். அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கையோடும், கைதானவர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் போன ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியபோது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. கூலிக் கணக்கைக் கேட்பது இந்தப் பள்ளத்தாக்கில் எப்போதுமே வகுப்பறைப் பயிற்சியாக மட்டும் இருந்ததில்லை. அதை இங்கே கணக்குப் பாடத்தில் கொண்டுவந்தால் பாடத்தில் அரசியல் கலந்துவிட்டது என்பார்கள். வட்டிக் கணக்கில் கடன் கொடுப்பவர் பக்கமிருந்தே எல்லாக் கேள்விகளும் வரும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதை ஒருவர் இயக்கமாகவே செய்தார். பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டத்தில் உயிரைப் பணயம் வைத்தவர். 1982இல் அல்ஜீப்ரா திட்டத்தைத் தொடங்கினார். வாக்குரிமை எப்படியோ அப்படியே அல்ஜீப்ராவும் குடிமை உரிமை என்பது அவர் வாதம். அது இல்லாமல் புதிய பொருளாதாரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் கொத்தடிமைகளாகவே நிற்பார்கள் என்றார். பிள்ளைகளைப் பாஸ்டன் நகர ரயிலில் கூட்டிப் போவார். வந்ததும் படம் வரையச் சொல்வார், தங்கள் பேச்சில் விவரிக்கச் சொல்வார், பிறகு அந்தப் பேச்சைச் சீர்படுத்தி, கடைசியில் குறியீட்டுக்கு வருவார். ரயில் பயணம் நேர்ம எண், எதிர்ம எண்ணாக மாறும். கூலி வேலைக்கான கணக்கோடு அவர் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமக்குச் செங்கோட்டை பாசஞ்சர் போதும். பேட்டைக்கும் அம்பைக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பழகிய பாதை. சேரன்மகாதேவியைச் சுழியமாக வையுங்கள். காருகுறிச்சி 1, வீரவநல்லூர் 2, கல்லிடைக்குறிச்சி 3, அம்பாசமுத்திரம் 4. மறுபக்கம் பேட்டை −1, டவுன் −2, ஜங்ஷன் −3. ஜங்ஷனிலிருந்து அம்பைக்கு எத்தனை நிறுத்தம்? 4 − (−3) = 7. கழித்தல் குறியைக் கழித்தால் ஏன் கூட்டலாகிறது என்று பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் புரியாத பிள்ளைக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாலே புரியும். ஏன் சேரன்மகாதேவி என்று கேட்டால், நடுவில் இருப்பதால்தான். வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டு, 1924–25இல் தமிழ்நாடே கொந்தளித்த ஊர் அது என்பதையும் ஆசிரியர் சொல்லலாம்.

தொழிலும் தன் பங்குக்கு மேல்நோக்கி இழுக்கும், நாம் விட்டால். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலைக்குப் போவது ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன்களும் ஃபிட்டர்களும்தான். காற்றிலிருக்கும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அரைநாள் நொடிக்கு 4 மீட்டர், அரைநாள் 12 மீட்டர் காற்று அடித்தது. சராசரி 8. நாள் முழுக்க 8 மீட்டர் அடித்திருந்தாலும் அதே ஆற்றல்தானே? இல்லை. 8இன் கனம் 512. 4இன் கனம் 64, 12இன் கனம் 1728, இரண்டின் சராசரி 896. (ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதைப் பயிற்றுநர் அடுத்த வகுப்பில் சொல்லட்டும்.) சராசரி எப்படி ஏமாற்றும் என்பதைக் காற்றாலையில் கற்றவர், ஒரு மாநிலத்தின் சராசரி வருமானத்தைச் செய்தித்தாளில் பார்த்தாலும் நின்று யோசிப்பார். வீட்டு மின்கட்டண அட்டையும் இதேபோலத்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் அட்டவணையே மாறுகிறது. அந்த ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு விலை என்று கேட்டால் வரைபடம் ஒரு படியாக எகிறிக் குதிப்பதை மாணவர் தானே வரைவார்.

இனி வகுப்பறைக்குள் இருக்கும் ஓர் ஆபத்து. வாழ்க்கைக் கணக்கு என்றதும் ஆர்வமுள்ள ஆசிரியர் முதலில் சொல்வது, "உங்க வீட்டு நிலத்தை அளந்துட்டு வாங்க" என்பதுதான். நெல்லையில் அந்த ஒரு வாக்கியம் போதும், வகுப்பு இரண்டாகிவிடும். யாருக்கு நிலமிருக்கிறது, யார் எந்தத் தெரு, யார் அப்பா என்ன வேலை என்பதெல்லாம் கணக்கு நோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே சாதி பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வரை பேசியது. கணக்குக் கேள்வியும் ஒரு கயிறாக முடியும் என்பதை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கணக்கு வீட்டிலிருந்து வர வேண்டாம், பொதுவிடத்திலிருந்து வரட்டும். ரயில், ரேஷன் கடை, பயிற்சி நிலையத்தின் கூரை, தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம். பீடிக் கணக்கும் யாருடைய அம்மாவுடையதாகவும் இல்லாமல் ஒரு கூலித்தாளாக மேசைக்கு வரட்டும். குழு பிரிப்பதைக் குலுக்கல் சீட்டில் விடுங்கள். நிகழ்தகவுப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். கரும்பலகைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் சிறுவன் பீம்ராவைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது, அதன் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்ததைத் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். டப்பா இப்போது அங்கே இல்லை. யாரைக் கூப்பிடுகிறோம், யாரை ஸ்பேனரோடு விட்டுவிடுகிறோம் என்பது மட்டும் மாறவில்லை.

கோரிக்கை ஒன்று தெளிவாக இருக்கிறது. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நல்ல வழி, போராடிக் காக்க வேண்டிய வழி. ஆனால் அப்படிச் சேரும்போது முதலாண்டில் நடத்தப்படும் கணிதத்தை அவர் தாண்டிக் குதிக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் வகைக்கெழு பேசும்போது இவருக்கு அது அந்நிய மொழி. தவறினால் பழி அவர்மீதே விழும்: இட ஒதுக்கீட்டில் வந்தவர், வராது என்று. ஏணி இருக்கிறது, ஒரு படி உடைந்திருக்கிறது. அந்தப் படியைச் செய்து கொடுப்பது அரசின் வேலை. ஐ.டி.ஐ. இறுதியாண்டிலேயே ஊதியத்தோடு நியமிக்கப்பட்ட கணித ஆசிரியர், பட்டறையில் தொடங்கி அல்ஜீப்ராவுக்கும் நுண்கணிதத்தின் வாசலுக்கும் கொண்டுபோகும் ஒரு இணைப்புப் பாடம், விடையோடு வழியையும் எழுதச் சொல்லும் தேர்வு.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நெல்லையிலும் தென்காசியிலும் மாலைநேர வகுப்பும் அம்பேத்கர் படிப்பு வட்டமும் நடத்தும் தோழர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் போட்டித் தேர்வுக்கும் வரலாற்றுக்கும் நேரம் போய்விடுகிறது. வாரத்தில் ஒரு மாலையைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளைக் கூப்பிடுங்கள். ஒரு மின்கட்டண அட்டை, ஒரு கூலித்தாள், ஒரு ரயில் அட்டவணை போதும். பாலிடெக்னிக் சேர்க்கைக்கு முன்னால் எட்டு வாரம் கிடைத்தால், எதிர்ம எண்ணில் ஏறியவர் முதல் சமன்பாட்டு வரைபடத்தில் இறங்கிவிடலாம்.